கீழிமைக்கு உள்ளேயா, வெளியேயா?

கோத்தகிரி காந்தி மைதானத்தில் கிரிக்கெட் பந்து என் மச்சானின் இடது கண்ணில் நேராக வந்து அடித்தது. விழி தப்பியது, கண்குழியின் அடித்தட்டு உடைந்தது. அது மெல்லிய எலும்பு. அதற்குக் கீழே கன்னத்து சைனஸ் என்னும் காற்றறை. உடைந்த இடைவெளியில் கொழுப்பும் தசையும் இறங்கினால் ஒன்று இரண்டாகத் தெரியும், அங்கே ஓடும் நரம்பு அடிபட்டால் கன்னம் மரத்துப்போகும். அவருக்கு இரண்டும் இருந்தது. கோயம்புத்தூரில் சிடி ஸ்கேன் பார்த்த டாக்டர், "வீக்கம் வடியட்டும், ரெண்டு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். உடைந்த இடத்தை மூட உள்ளே வைப்பது பெரும்பாலும் டைட்டானியம் வலையோ பாலிஎத்திலீன் தகடோதான். எந்த வழியாகப் போய் வைப்பது என்பதில்தான் வீட்டில் பெரிய விவாதம்.

இமைமயிருக்கு 2 மி.மீ. கீழே தோலை வெட்டுவது சப்சிலியரி. தழும்பு அழகாக மறையும் என்பார்கள். ஆனால் ஆறும்போது கீழிமை இழுபட்டு வெளிப்பக்கம் புரளும் அபாயம் இதில்தான் அதிகம். புரண்டால் ஓயாமல் நீர் வழியும், கண் வறண்டு உறுத்தும். மார்கழிக் குளிர்காற்றில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவருக்கு இது தழும்பைவிடப் பெரிய தொல்லை. நானாக இருந்தால் இதைக் கேட்கமாட்டேன்.

இன்னும் சற்றுக் கீழே, 5 முதல் 7 மி.மீ.யில், இமையின் மடிப்போடு வெட்டுவது சப்டார்சல். கோடு லேசாகத் தெரியும், இமை புரள்வது குறைவு. முகத்தில் சுருக்கம் விழுந்த பெரியவர்களுக்கு நல்ல வழி. எலும்பு விளிம்பின் மேலேயே கீறுவது சுலபம்தான், தழும்பு அப்பட்டமாகத் தெரியும்.

ட்ரான்ஸ்கன்ஜங்க்டைவல் என்பது இமையின் உட்புறப் படலம் வழியாகப் போவது. தோலில் கீறலே இல்லை, வெளியே புரள்வதும் அரிது. இடம் குறுகல், போதாவிட்டால் கண்ணின் வெளி ஓரத்தையும் வெட்டி விரிக்க வேண்டும், அதைச் சரியாகத் தைக்காவிட்டால் ஓரம் தொங்கிவிடும். எப்போதாவது இமை உள்ளே மடங்கி மயிர் விழியில் உரசும். மூக்குப்பக்கச் சுவரும் உடைந்திருந்தால் இதே வெட்டை உள்மூலைச் சிவப்புச் சதை வரை நீட்டலாம். மேலுதட்டுக்குப் பின்னால் ஈறுக்கு மேல் கீறி, சைனஸ் வழியாக எண்டோஸ்கோப் (கேமரா வைத்த குழாய்) விடும் முறையும் உண்டு. இமையைத் தொடவே தேவையில்லை, ஆனால் அதற்குப் பழகிய கை கிடைக்க வேண்டும்.

எங்கள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நீங்க வழக்கமா எது பண்றீங்க?" இமையின் உள்வழி என்றார். சரி, அதுவே ஆகட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களின் எலும்பு வளைந்து, கதவுபோல் மூடித் தசையைக் கவ்விவிடும். கண் சிவக்காமலே இருக்கும்; வாந்தி வரும், நாடி குறையும், மேலே பார்க்க முடியாது. அங்கே இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, ஓரிரு நாளுக்குள் அறுவை முடிய வேண்டும்.

அப்புறம் நம் மலைக்கென்றே ஒரு சங்கதி. சைனஸ் காற்று கண்குழிக்குள் புகுந்திருந்தால் மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மினாலும் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர், கோத்தகிரி ஏறக்குறைய 1,800. அந்த ஏற்றத்தில் சிக்கிய காற்று ஐந்தில் ஒரு பங்கு வரை விரியலாம். மச்சான் டாக்டர் சொல்லும் வரை மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டுத்தான் மலை ஏறினார்.