வசந்த வலசைக்கு இ-பேர்ட்: பல வருடப் பயன்பாட்டில் நான் கண்டது

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிந்து வைக்கும் இ-பேர்ட் செயலியை வைத்திருக்கும் பலர், வாழ்நாள் பட்டியலில் எத்தனை இனம் சேர்ந்தது என்று பார்க்கத்தான் அதைத் திறக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பல வருடங்களாகக் கடற்கரையிலும் வயல்வெளியிலும் அதைப் பயன்படுத்திய பிறகு என் கருத்து இது: பறவைகள் வடக்கே திரும்பும் மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களில்தான் இந்தச் செயலியின் முழு மதிப்பும் தெரிகிறது. அதுவும் வழக்கமான பறவைகளை எண்ணி எழுதிவிட்டு வீடு திரும்பிய சாதாரண நாட்களால்தான் தெரிகிறது.

வசந்த வலசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இருப்பவர்களுக்கு அது வருகைக் காலம். முதல் தகைவிலான் கம்பியில் வந்து உட்கார்ந்தால் அன்றைக்கே குழுவில் படம் வந்துவிடும். பறவைகள் குளிர்காலம் கழிக்கும் தெற்குப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு அது புறப்பாட்டுக் காலம். வருகையைக் கண்டுகொள்வது சுலபம். நேற்று இல்லாத பறவை இன்று இருக்கிறது, அவ்வளவுதான். புறப்பாட்டை அப்படிக் கண்டுகொள்ள முடியாது. ஒரு பறவையைக் கடைசியாகப் பார்க்கும் நாளில், அதுதான் கடைசி நாள் என்று யாருக்குத் தெரியும்? அதே இடத்துக்கு மறுபடி போய், தேடி, காணாமல் திரும்பி, அதையும் பதிந்து வைத்தால்தான் பிறகு தெரியவரும்.

வாட்ஸ்அப் குழுவில் இது நடக்காது. பார்த்ததைத்தான் எல்லோரும் போடுவார்கள். 'இன்று கீச்சான் இல்லை' என்று யாரும் செய்தி அனுப்புவதில்லை. இ-பேர்டில் பட்டியலை முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் நீங்கள் அடையாளம் கண்ட பறவைகள் எல்லாவற்றையும் பதிந்துவிட்டீர்களா? 'ஆம்' என்று சொன்னால் அது முழுப் பட்டியல். பட்டியலில் இல்லாத இனம் அன்று உங்களுக்குத் தட்டுப்படவில்லை என்று அதற்கு அர்த்தம். எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் என்பதும் கூடவே பதிவாகிறது. ஒவ்வொரு மாதத்தையும் நான்காகப் பிரித்து, ஓர் இனம் எந்த வாரத்தில் எவ்வளவு அடிக்கடி பதிவாகிறது என்று காட்டும் பட்டை வரைபடம் இந்த முழுப் பட்டியல்களை வைத்துத்தான் தயாராகிறது. நூறு முழுப் பட்டியலில் எத்தனையில் இந்தப் பறவை இருந்தது என்பதுதான் கணக்கு. 'இல்லை' என்பது பதிவாகாமல் அந்தக் கணக்கே கிடையாது.

பழுப்புக் கீச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். வலசை வந்ததும் ஒரு வயல் மூலையைப் பிடித்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க அதைக் காக்கும் பறவை இது. காலையிலும் மாலையிலும் கரகரத்த குரலில் கத்தி, வேறு கீச்சானை அண்டவிடாது. அடுத்த வருடமும் அதே இடத்துக்குத் திரும்பும் பழக்கம் உண்டு. நான் நடக்கும் வயல் பாதையில் ஒரு முள்மரம் இருக்கிறது. அதன் ஓரக்கிளையில், வாலை மெதுவாகச் சுழற்றியபடி, தரையில் ஊரும் பூச்சியையே பார்த்துக்கொண்டு கீச்சான் உட்கார்ந்திருக்கும். ஏப்ரலில் ஒரு நாள் அந்தக் கிளை காலியாக இருக்கும். அன்றைக்கே முடிவு கட்ட முடியாது. பக்கத்து வேலிக்குப் போயிருக்கலாம், வெயிலுக்கு உள்ளே ஒதுங்கியிருக்கலாம். அதே நேரத்தில், அதே பாதையில், அதே தூரம் நடந்து எழுதிய அடுத்த சில பட்டியல்களிலும் அது இல்லை என்றால்தான் கிளம்பிவிட்டது என்று சொல்லலாம். பழைய வருடங்களின் பட்டியலைத் திறந்து அதே வாரத்தோடு ஒப்பிட முடிவதை இந்தச் செயலி எனக்குத் தந்த மிகப் பெரிய வசதியாக நினைக்கிறேன்.

கடற்கரைக்கு வேறு முறை வேண்டும். சேறு விரிந்து கிடக்கும்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கண்ணுக்கெட்டாத தூரம்வரை சிதறி மேயும். அப்போது எண்ணினால் எதுவும் சரியாக வராது. ஓதம் ஏறும் நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்தால், தண்ணீர் சேற்றை மூட மூட அவையே மணல்திட்டில் ஒன்றுகூடிவிடும். எண்ணுவதற்கு அதுதான் நேரம். முதலில் பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, கூட்டத்தின் மேல் அதே அளவை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எண்ணிக்கைக்குப் பதிலாக 'எக்ஸ்' போட்டாலும் இ-பேர்ட் ஏற்றுக்கொள்ளும். பறவை இருந்தது என்பது மட்டும் பதிவாகும். வலசைக் காலத்தில் அதை நான் தவிர்க்கச் சொல்வேன். ஆயிரம் நூறாகிப் பிறகு பத்தாகிக் குறைவதில்தான் புறப்பாடு தெரிகிறது. எல்லா வாரமும் எக்ஸ் என்று இருந்தால் அந்த இறக்கம் மறைந்துபோகும். தோராயமான எண்கூட எக்ஸைவிட மேல்.

மாலையில் கூட்டம் கிளம்புவதைப் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மற்ற நாட்களில் ஓதம் ஏறியதும் ஒற்றைக்காலில் நின்று அலகை முதுகில் செருகித் தூங்கும் பறவைகள், கிளம்பும் வேளை வந்துவிட்டால் நிலைகொள்ளாது. குளிக்கும், இறகு கோதும், விடாமல் குரல் கொடுக்கும். கொஞ்சம் பறவைகள் எழும்பி ஒரு வட்டம் போடும். அதில் சில மனம் மாறித் திட்டுக்கே திரும்பி இறங்கும். மீதி மேலே ஏறிக்கொண்டே போய் சாய்ந்த வரிசையாகவோ வி வடிவிலோ ஒழுங்காகி, கரையை விட்டு விலகும். தீனிக்காக இடம் மாறும் கூட்டம் தாழ்வாகப் பறக்கும்; இந்தக் கூட்டம் உயர்ந்துகொண்டே போகும். அந்த வித்தியாசம் சில மாலைகளிலேயே பிடிபட்டுவிடும். எத்தனை எழும்பின, எத்தனை திரும்பின, எந்தத் திசை, மணி என்ன என்பதை அந்த இனத்துக்கு உரிய குறிப்புப் பெட்டியில் எழுதுவேன். பலர் அந்தப் பெட்டியைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இ-பேர்டில் ரொம்பப் பிடித்த பகுதியே அதுதான்.

கிளம்பும் காலம் நெருங்கும்போது வரும் நிறமாற்றத்தையும் அங்கேயே எழுதலாம். குளிர்காலத்தில் சாம்பலும் வெள்ளையுமாக இருந்த வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் மார்ச் கடைசியில் செங்கல் நிறத் திட்டுகள் விழும். ஏப்ரலில் சில பறவைகள் முழுச் சிவப்பாகிவிடும். கூட்டத்தில் பாதிக்கு மேல் நிறம் மாறியிருந்தது என்று ஒரு வரி எழுதிவைத்தால், எண்ணிக்கை ஏன் அடுத்த வாரம் திடீரென்று சரிந்தது என்பது பிறகு பட்டியலைப் படிப்பவருக்கும் விளங்கும்.

இந்த எண்களுக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையை உதாரணமாகச் சொல்வேன். 2007-இல் இ7 என்ற அடையாளத்தோடு செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் பறவை, வசந்த வலசையில் நியூசிலாந்திலிருந்து மஞ்சள் கடல் கரைக்கு 10,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்தது. அங்கே மேய்ந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு அலாஸ்காவுக்குப் போய்விட்டு, திரும்பும்போது 11,680 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடந்தது. 2022 அக்டோபரில் பி6 என்ற இளம் பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரைப் 11 நாளில் தாண்டியது. கிளம்பும் முன் இந்தப் பறவை கொழுப்பை ஏற்றிக்கொண்டு தன் இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்கிறது. நடுவில் இறங்கித் தின்னும் சேற்றுத்திட்டு ஒன்று போய்விட்டால் பயணமே கெட்டுவிடும். அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் ரெட் நாட் என்ற உள்ளான் மே மாதம் குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்று இரண்டு வாரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு எடையாவதும் இதே கதைதான். எந்தத் திட்டில், எந்த வாரத்தில், எத்தனை பறவை நின்றது என்ற பதிவு இல்லாவிட்டால், அந்தத் திட்டுக்காக நாளைக்குப் பேச யார் கையிலும் ஆதாரம் இருக்காது.

ஆய்வாளர்கள் காலில் வண்ணக் கொடி மாட்டிய பறவை கண்ணில் பட்டால் கொடியின் நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் நிறத்தை வைத்தே கொடி மாட்டிய ஊரைச் சொல்லிவிடலாம்: வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கு மஞ்சள், விக்டோரியாவுக்கு ஆரஞ்சு, நியூசிலாந்துக்கு வெள்ளை. இதற்குத் தொலைநோக்கி ஸ்கோப் இருந்தால்தான் வேலை ஆகும். இருகண்ணோக்கியில் 8 மடங்கு பெரிதாக்கும் 8×42 எனக்குப் போதும். 10 மடங்கு பெரிதாக்கும் கருவி கடற்காற்றில் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் உப்பைத் துடைத்துவிடுங்கள்.

எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தாலோ, பருவம் தப்பிய இனமாக இருந்தாலோ செயலி நிறுத்தி விவரம் கேட்கும். பகுதிக்கும் மாதத்துக்கும் ஏற்ற வரம்புகளைத் தன்னார்வ மதிப்பீட்டாளர்கள் வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் சிலர் இதை நம்பிக்கையின்மையாக எடுத்துக்கொண்டு வருத்தப்படுகிறார்கள். எனக்கு இது நல்ல பழக்கமாகத்தான் படுகிறது. எப்படி எண்ணினேன், எந்த அடையாளத்தை வைத்து இனத்தை முடிவு செய்தேன் என்று இரண்டு வரி எழுதும்போது என் பார்வையே கூர்மையாகிறது. 'நிச்சயம் அதுதான்' என்று மட்டும் எழுதினால் மதிப்பிடுபவருக்கு ஒரு பயனும் இல்லை. கால் நிறம், அலகின் நீளம், பறக்கும்போது இறக்கையில் தெரிந்த பட்டை, இப்படி எழுதுங்கள்.

பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். 2021-இல் வந்த குரல் அடையாள வசதி, வலைத்தொடர்பு இல்லாத இடத்திலும் வேலை செய்யும். பகுதிக்கான தொகுப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். தோப்பிலும் புதர்க்காட்டிலும் கதிர்க்குருவிகள் இலைக்குள்ளேயே இருந்துகொண்டு 'டெக் டெக்' என்று மட்டும் சொல்லும்போது அது நல்ல துணை. கிளம்புவதற்கு முன் சில கதிர்க்குருவிகள் பாடவும் தொடங்கும். அப்போது இன்னும் உதவும். கடற்கரையில் காற்றும் அலையும் பல இனங்களின் குரலும் கலந்து வருவதால் அங்கே அதை நான் திறப்பதே அரிது. துடுப்புவால் கரிச்சான் போல மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுக்கும் பறவை பக்கத்தில் இருந்தாலும் உஷாராக இருங்கள். மெர்லின் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள், நீங்களே கேளுங்கள். உங்களுக்கு உறுதியானால் மட்டும் பட்டியலில் ஏற்றுங்கள்.

பகிர்வதில் ஒரு விஷயம் மனதை வருத்துகிறது. அரிய பறவை என்று ஒரு செய்தி போனதும் அடுத்த நிமிடமே 'லொகேஷன் அனுப்புங்க' என்று பத்துப் பேர் கேட்பார்கள். மறுநாள் கேமராக்கள் வந்து, பறக்கும் படம் வேண்டும் என்று தூங்கும் கூட்டத்தை எழுப்பிவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்காகச் சேர்த்த கொழுப்பு அங்கே வீணாகிறது. இதே மாதங்களில் ஆலாக்களும் சில உப்புக்கொத்திகளும் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. முட்டை மணலோடு மணலாக இருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். ஆபத்துள்ள சில இனங்களின் இடத்தை இ-பேர்ட் தானாகவே பொதுவில் காட்டாமல் மறைக்கிறது. மற்ற இனங்களுக்கு நாம்தான் பொறுப்பு. கூடு இருக்கும் இடத்தைக் குழுவில் போடவே கூடாது. ஓய்விடத்தைப் பறவைகள் கிளம்பிய பிறகு போடலாம்; பட்டியலையும் தாமதமாகப் பதிவேற்றலாம், தேதியும் நேரமும் அப்படியேதான் இருக்கும்.

சேர்ந்து போனால் ஒருவர் எழுதி மற்றவர்களுக்குப் பகிரும் வசதி இருக்கிறது. ஐந்து பேர் தனித்தனியாகப் போட்டு ஒரே கூட்டத்தை ஐந்து முறை எண்ண வேண்டியதில்லை. கூட வந்தவர்களில் கண் கூர்மையானவர் ஸ்கோப்பில் இருக்க, மற்றொருவர் எழுதட்டும். தடத்தைப் பதிய ஜி.பி.எஸ். ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் பவர் பேங்க் எடுத்துப் போங்கள்.

நீண்ட நாள் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் தெரியும் இன்னொன்று: இ-பேர்டின் பறவை இனப் பெயர்ப் பட்டியல் வருடம்தோறும் புதுப்பிக்கப்படும். 2023-இல் உண்ணிக்கொக்கு கிழக்கு, மேற்கு என்று இரண்டு இனமானது. சின்ன மணல் உப்புக்கொத்தியும் திபெத், சைபீரியா என்று பிரிந்தது. பதிவான இடத்தை வைத்துச் சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிற பழைய பதிவுகளைச் செயலியே மாற்றிவிடும். இரண்டு வகையும் கலந்து வரக்கூடிய இடமென்றால் பழைய குறிப்பையும் படத்தையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அன்றைக்குக் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்கு அந்த வேலை லேசாக முடியும்.

மே மாதம் முடிந்ததும் பலர் கடற்கரையை மறந்துவிடுகிறார்கள். நான் மறக்க விடுவதில்லை. முந்தின வருடம் பிறந்த உள்ளான்களில் பல வடக்கே போகாமல், சிவப்பேறாத சாம்பல் நிறத்திலேயே கோடை முழுக்கத் தங்கிவிடும். அவற்றின் எண்ணிக்கை தெரிந்தால்தான் ஏப்ரலில் உண்மையில் எத்தனை கிளம்பின என்று கழித்துப் பார்க்க முடியும். ஜூலைக் கடைசியிலேயே, நிறம் இன்னும் முழுதாக வெளுக்காத வளர்ந்த பறவைகள் திரும்பத் தொடங்கிவிடும். அதற்குள் எண்ணிவிட வேண்டும். அதனால் எங்கள் குழுவில் ஜூன் மாதத்துக்கும் ஆள் பிரித்து முறை போட்டிருக்கிறோம். ஏப்ரலில் நடந்த அதே கரை, அதே தூரம், ஓதம் ஏறும் அதே நேரம், முழுப் பட்டியல்.