வெறும் கோப்பையில் ஒரு தீர்ப்பு, தட்டு வந்ததும் வேறு தீர்ப்பு

இத்தாலியின் போலோன்யாவில் ஒரு பழைய மடத்து முற்றம். வாசலில் பணம் கட்டினால் ஒரு கண்ணாடிக் கோப்பை, அதைக் கழுத்தில் தொங்கவிட ஒரு துணிப்பை, ஒரு கொத்து டோக்கன் தருகிறார்கள். பையை மாட்டிக்கொண்டு நடந்தால் மணி கட்டிய மாடு மாதிரி இருக்கும். முற்றமே அப்படித் திரிவதால் வெட்கம் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. மேசைக்கு ஒரு வட்டாரம்: அந்த ஊர் வெள்ளை ஒயின், பக்கத்திலேயே அந்த ஊர்ச் சாப்பாடு. போலோன்யாவின் சொந்த வெள்ளையான பின்யொலெத்தோ அன்றைக்குப் பந்தயத்தில் இல்லை. ஆக, மைதானம் நடுநிலை.

ஏழு ஒயின்களை இரண்டு சுற்றாகக் குடித்துப் பார்த்தேன். முதல் சுற்று வெறும் ஒயின், அடுத்தது தட்டோடு. இரண்டு சுற்றின் வரிசையும் கிட்டத்தட்டத் தலைகீழாக வந்தது.

முதல் சுற்றில் போட்டியே இல்லை, கம்பானியாவின் ஃபியானோதான். மூக்கருகே கொண்டுபோகும்போதே தேன், வறுத்த கொட்டை, லேசான புகை வாசம். அடுத்த இடம் சிசிலியின் எத்னா பியாங்கோ: எரிமலைச் சரிவில் விளையும் காரிகாந்தே திராட்சை, எலுமிச்சையைக் கடித்தது போன்ற புளிப்பு. பின்னால் வந்தவை கம்பானியாவின் இன்னொரு பிள்ளையான கிரேக்கோ, சார்தீனியாவின் வெர்மெந்தினோ, மார்க்கே வட்டாரத்து வெர்திக்கியோ. கடைசிப் பெஞ்சில் வெனெத்தோவின் சொவாவேயும் பியமொந்தேயின் காவியும். காவியின் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நிறம் வெளிறிய மஞ்சள்தான்.

இந்த ஒயின்களைப் பேசும்போது அங்கே எல்லாரும் 'மினரல், மினரல்' என்கிறார்கள். ஈரக்கல் வாசத்துக்கும் அதே சொல், நாக்கில் நிற்கும் உப்புக்கும் அதே சொல். நான் என் குறிப்பேட்டில் கரிப்பு, துவர்ப்பு, கைப்பு என்று பிரித்து எழுதிக்கொண்டேன். அறுசுவைக் கணக்கில் காரம் ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் இந்த ஏழு புட்டிகளுக்குள் இருந்தன.

ஃபியானோவும் கிரேக்கோவும் அண்டை வீட்டுக்காரர்கள். நேப்பிள்ஸிலிருந்து உள்நாட்டுப் பக்கம், அவெல்லினோவைச் சுற்றிய மலைநாட்டில் இரண்டும் விளைகின்றன. இத்தாலிய அரசின் உயர்ந்த தரமுத்திரையான டிஓசிஜி இரண்டுக்கும் ஒரே ஆண்டில், 2003இல் வந்தது. குணம்தான் வேறு. அவெல்லினோ ஹேசல்நட்டுக்குப் பேர்போன ஊர். அந்தச் செடியின் தாவரவியல் பெயரிலேயே அந்த வட்டாரத்து அவெல்லா ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபியானோவில் அந்தக் கொட்டை வாசம் அடிக்கும்போது ஊரையே குடிப்பது போல ஒரு பிரமை. கிரேக்கோவின் ஊர் துஃபோ. அங்கே கந்தகச் சுரங்கம் இருந்தது. கிரேக்கோவில் தீக்குச்சி கிழித்த வாடை லேசாக வந்தது. அது அந்த மண்ணிலிருந்தே ஏறுகிறது என்று ஊற்றியவர் சத்தியம் செய்யாத குறை. எனக்கு நம்பிக்கையில்லை. ஒயின் புளிக்கும்போதே அப்படி ஒரு வாடை வருவது உண்டு. ஆனால் அந்த வாடைக்குக் கீழே கெட்டியான உடம்பும், முடிவில் ஒரு துவர்ப்பும் இருந்தன.

தட்டு வந்தது. எருமைப்பால் பாலாடைக்கட்டியான மொசரெல்லா, பிறகு காகிதக் கூம்பில் மாவு புரட்டிப் பொரித்த நெத்திலி. மொசரெல்லாவைக் கிள்ளினால் பால் வடிகிறது. அதன் ருசியே இதமான பால்தான். அதன்மேல் ஃபியானோவை ஊற்றியதும் பால் காணாமல் போய், தேனும் கொட்டையும் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. நெத்திலிக்குக் கிரேக்கோவை எடுத்தபோதோ அந்தத் துவர்ப்பு எண்ணெயை வழித்துக்கொண்டு போனது. அடுத்த மீனுக்குக் கை தானாக நீண்டது. முதல் சுற்றின் ராஜா அந்த இடத்திலேயே கிரீடத்தைக் கழற்றிவைத்தார். ஃபியானோவைப் பழிக்கவில்லை. அது சாப்பாடு முடிந்து சாய்ந்து உட்கார்ந்து குடிக்க வேண்டிய ஒயின்.

சொவாவே விஷயத்தில் நான் முன்முடிவோடு போயிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமவெளியில் ஏராளமாக விளைவித்து மலிவாக ஏற்றுமதி செய்ததில் அந்தப் பெயர் நெடுங்காலம் கெட்டிருந்தது. வெரோனாவுக்குக் கிழக்கே குன்றுகளில் விளையும் 'கிளாசிகோ'தான் அதன் உண்மை முகம். வெறும் கோப்பையில் அதுவும் வாய் திறக்கவில்லை, வெள்ளைப் பூவும் பாதாமும் தூரத்தில். அதற்குத் துணையாக வைத்திருந்தது விச்சென்சா ஊர் முறையில் சமைத்த பக்கலா. இத்தாலியின் மற்ற ஊர்களில் பக்கலா என்றால் உப்பிட்ட காட் மீன். இங்கே உப்பே படாமல் நார்வேயின் குளிர்காற்றில் காய்ந்த மீன். நம் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். 1431இல் கிரீட் தீவிலிருந்து மால்வாசியா ஒயின் ஏற்றிப் புறப்பட்ட வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் சிக்கியது. பிழைத்தவர்கள் நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் ஒதுங்கினார்கள். அப்படித்தான் இந்த மீன் வெனிஸுக்கு வந்தது என்பது அங்கே சொல்லும் கதை. ஒயின் ஏற்றிப் போனவர் கருவாட்டோடு திரும்பினார்!

இந்த மீனை நாள்கணக்கில் ஊறவைத்து, வெங்காயம், நெத்திலி, பால், நிறைய எண்ணெய் சேர்த்து, கிளறாமல் நாலரை மணி நேரம் சிறுதீயில் வைப்பார்கள். கரண்டியால் தொட்டாலே உதிர்கிறது. பக்கத்தில் மக்காச்சோளக் களி. இவ்வளவு கொழுப்புக்கும் மென்மைக்கும் முன்னால் கூச்சல் போடும் ஒயின் எடுபடாது. சொவாவேயின் பாதாம் ருசி அங்கேதான் தலைநிமிர்ந்தது. ஏழாவது இடத்துக்குச் சண்டை போட்டது ஒரே தாவலில் இரண்டாவது இடம்.

காவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடலை மாவைக் கரைத்துத் தாம்பாளத்தில் ஊற்றி விறகடுப்பில் சுட்டெடுக்கும் ஃபாரினாத்தாவோடு சுத்தமாகப் பொருந்தியது. அந்த அடை நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

சார்தீனியா, சிசிலி என்று தீவுகள் இரண்டும் சறுக்கின. வெர்மெந்தினோவுக்குச் சார்தீனியாக்காரர்கள் போத்தார்கா வைத்திருந்தார்கள்: மடவை மீனின் சினையை முழுசாக எடுத்து உப்பிட்டு, அழுத்தி, உலர்த்தி, மெல்லிய சீவல்களாக. காலூராவின் கருங்கல் மணலில் விளையும் வெர்மெந்தினோ தீவின் ஒரே டிஓசிஜி, 1996இல் கிடைத்தது. அதன் அழகே கரிப்புதான். கரிப்பின்மேல் உப்பை வைத்தால் நாக்கு மரத்துப்போகிறது. 'இதுதான் எங்கள் பழக்கம்' என்றார்கள். இருக்கட்டும், எனக்கு வெறும் மொறுமொறு ரொட்டியோடு இன்னும் நன்றாக இருந்தது. எத்னா மேசையில் கபொனாத்தா: கத்தரிக்காயை வினிகரும் சர்க்கரையும் சேர்த்து இனிப்புப் புளிப்பாகச் செய்தது. அந்த இனிப்பு பட்டதும் காரிகாந்தேயின் புளிப்பு ஈட்டி முனையாகிவிட்டது. இதில் ஒயின்மேல் குற்றமில்லை, ஜோடி சேர்த்தவர்மேல்தான். சுட்ட மீன் வைத்திருந்தால் என் வரிசை மாறியிருக்கும்.

இரண்டாவது சுற்றில் ஜெயித்தது வெர்திக்கியோ. மார்க்கே மேசையில் அங்கோனா ஊர் மீன்குழம்பு, ப்ரொதெத்தோ. பதின்மூன்று வகை மீன் போட வேண்டும் என்பது வழக்கு. அன்றைக்கு ஆறு இருந்தால் அதிகம். தக்காளியும் வினிகரும் சேர்ந்த அந்தப் புளித்த குழம்பு பெரும்பாலான வெள்ளை ஒயின்களைத் தண்ணீராக்கிவிடும். வெர்திக்கியோவுக்குப் புளிப்பு கூடவே பிறந்தது, கடைசியில் கசப்புப் பாதாமின் கைப்பும் உண்டு. குழம்புக்குச் சரிக்குச் சரி நின்றது. 1950களில் இந்த ஒயினைப் பழங்கால மண்ஜாடி வடிவப் புட்டியில் அடைத்து விற்று உலகமெங்கும் பிரபலமாக்கினார்கள். அந்த இடுப்பு சிறுத்த புட்டியால் இதை ஒரு வேடிக்கைப் பொருளாகப் பார்க்கும் பழக்கமும் வந்தது. இங்கே ஒரு குடும்ப ரகசியம்: சொவாவேயில் கலக்க அனுமதியுள்ள 'த்ரெபியானோ தி சொவாவே' என்பதும் வெர்திக்கியோவும் ஒரே திராட்சை என்று மரபணுச் சோதனை சொல்கிறது. முதலிடமும் இரண்டாமிடமும் சொந்தக்காரர்களுக்கே போயிருக்கின்றன.

இந்த மாதிரி இடங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: புட்டிகளெல்லாம் பனிக்கட்டி வாளியில் மூழ்கிக் கிடக்கும். அந்தக் குளிரில் ஏழும் ஒரே ஒயின்தான். உள்ளங்கையால் கோப்பையைப் பொத்தி ஐந்து நிமிடம் வைத்திருங்கள்.

வெர்திக்கியோவிலும் இரண்டு ஊர் உண்டு. கடல் பார்த்த சரிவுகளில் யேசி; மலைகளுக்கு நடுவே கடல்காற்று எட்டாத பள்ளத்தாக்கில் மத்தெலிகா, இன்னும் கறாரான புளிப்பு. மிச்சமிருந்த கடைசி டோக்கனை மத்தெலிகாவுக்கே கொடுத்தேன். குழம்புச் சட்டி காலி. ஊற்றிக்கொடுத்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு ரொட்டியால் சட்டியின் அடியைச் சுற்றி வழித்து நீட்டினார்.