பழைய பெயிண்டை எடுக்க எது நல்லது: ரிமூவரா, சாண்ட் பிளாஸ்டிங்கா, எமரியா?

ஏற்காட்டில் நிற்கும் வண்டிக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால், என்ன நிறம் என்பதைவிடப் பழையதை எப்படி எடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. எங்கள் பொலேரோவுக்கு அந்த வேலையை இப்போதுதான் முடித்தோம். முன்பு ஒரு பட்டறையில் அடித்த இரண்டாவது பெயிண்ட் பானட்டிலும் கூரையிலும் செதில் செதிலாக உரிந்து வந்தது. பழைய பளபளப்பை எமரியால் சொரசொரப்பாக்காமல் மேலேயே அடித்திருந்தார்கள். அடியில் கம்பெனி பெயிண்ட் கெட்டியாக இருந்தது. சேலத்தில் விசாரித்தால் மூன்று வழி சொல்கிறார்கள்: பெயிண்டை இளக்கும் ரசாயனமான ரிமூவர், மணல் மாதிரித் துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும் சாண்ட் பிளாஸ்டிங், எமரித் தாளால் தேய்ப்பது. நான் எமரி பக்கம்.

ரிமூவரின் பலம் வேகம். தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் பெயிண்ட் கொப்பளித்து எழும்பும், பட்டி பிளேடால் வழித்துவிடலாம். பல ரிமூவர்களில் இருக்கும் மெத்திலீன் குளோரைடின் ஆவிதான் பயம். மூடிய ஷெட்டில் தலை சுற்றும். உடலுக்குள் போனதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். அது கலந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது. இன்னொரு தொல்லை, கதவின் மடிப்பிலும் கூரை ஓரத்து நீர்ப் பள்ளத்திலும் ரிமூவர் புகுந்து தங்குவது. கழுவினாலும் முழுதாகப் போகாது. புதுப் பெயிண்ட் அந்த ஓரங்களில்தான் முதலில் எழும்பும்.

சாண்ட் பிளாஸ்டிங் சேஸிஸுக்கும் வீல் ரிம்முக்கும் அருமை. துருப் பள்ளத்துக்குள்ளும் போய்ச் சுத்தம் செய்யும். ஆனால் பானட், கூரை மாதிரி மெல்லிய அகலத் தகடு அந்த அடியில் நெளிந்துவிடக்கூடும், அப்புறம் பட்டி போட்டே சமன் செய்ய வேண்டியிருக்கும். நான் ரிம்களுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறேன், பாடிக்குக் கொடுத்ததில்லை. அழுத்தத்தைக் குறைத்து, கை பழகியவர் செய்தால் நன்றாகவே வரலாம். சாதாரண மணலில் செய்யும் இடமாக இருந்தால் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் சிலிக்கோசிஸ் கொண்டுவரும்.

இனி எமரி. கூலி அதிகம், நாளும் அதிகம், தூசும் அதிகம். அத்தனையும் தெரிந்தே இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே: எமரியில்தான் வேண்டிய இடத்தில் நிறுத்த முடியும்.

இப்போதைய வண்டிகளின் பாடியைப் பெரும்பாலும் தொழிற்சாலையில் பிரைமர் என்ற அடிப்பூச்சுத் தொட்டிக்குள் முழுதாக முக்கி, மின்சாரம் பாய்ச்சித் தகட்டில் படிய வைத்து, அடுப்பில் சுடுகிறார்கள். ஸ்பிரே கன் எட்டாத மடிப்புக்குள்ளும் அது போய்ப் படிந்திருக்கும். அந்தப் பூச்சை எந்தப் பட்டறையாலும் திரும்பத் தர முடியாது. ரிமூவருக்கும் மணலுக்கும் உரிந்த பெயிண்ட் எது, உறுதியான பிரைமர் எது என்ற பேதம் தெரியாது. பட்ட இடத்தில் அதையும் பதம் பார்த்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுக்க மூடுபனியில் நனைந்து நிற்கும் வண்டிக்கு அந்த இழப்பு பெரிது. கீழே சமவெளியில் மெதுவாக வரும் துரு, மேலே சீக்கிரம் வந்து நிற்கும். வருஷா வருஷம் கதவின் அடி ஓரத்தைச் சுரண்டி டச்சப் செய்யும் செலவைக் கணக்குப் போட்டால், எமரிக்குக் கொடுக்கும் கூடுதல் கூலி பெரிதாகத் தெரியாது.

தளர்ந்த பெயிண்டை முதலில் பிளேடால் தள்ளி எடுத்துவிட்டோம். அப்புறம் சுழல் சாண்டரில் 180-ஆம் நம்பர் எமரித் தாள், அடுத்து 320 (நம்பர் கூடக்கூடத் தாள் நைசாக இருக்கும்). 80-ஆம் நம்பர் துரு இருந்த இடத்துக்கு மட்டும். தேய்க்கும்போது நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்: மேல் பெயிண்ட், கம்பெனி நிறம், அதற்கடியில் பிரைமர். பிரைமர் எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிட வேண்டும். உரிந்த இடத்தின் ஓரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. தட்டினால் புதுப் பெயிண்டின் மேலும் அந்தக் கோடு தெரியும். இரும்பு வெளியே தெரிந்த இடங்களுக்கு அன்றைக்கே எபாக்சி பிரைமர். மலையில் வெற்றுத் தகட்டை ஒரு ராத்திரி விட்டால் காலையில் பழுப்பு படர்ந்திருக்கும். அதனால்தான் இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, வேலையைச் சேலத்து வெயிலில் வைத்துக்கொண்டோம். வெயிலிலும் ஒரு கவனம் வேண்டும்: ஏப்ரல் சூட்டில் மெதுவாக உலரும் தின்னர் கேளுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரக்கும்.

பழைய மஞ்சள், சிவப்புப் பெயிண்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தேய்ப்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், மூக்கில் கட்டும் துண்டு போதாது. குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

எல்லா வண்டிக்கும் இதையே சொல்ல மாட்டேன். தொட்டியில் முக்கிப் படிய வைத்த பிரைமர் இல்லாத பழைய ஜீப்பில் காப்பாற்ற ஒன்றுமில்லை. பெயிண்டுக்கு அடியிலிருந்தே துரு கொப்பளித்திருந்தாலும் தகடு வரை போய்த்தான் ஆக வேண்டும். அப்போது பானட்டையும் கதவையும் கழற்றி வைத்து, திறந்த வெளியில் ரிமூவர் போடுவதே மேல்.

எது உங்கள் வண்டி என்று தெரிய, உரிந்த இடத்துக்குப் பக்கத்தில் பிளேடால் சின்னச் சின்னக் கட்டமாகக் கீறுங்கள். அதன்மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். மேல் பெயிண்ட் மட்டும் டேப்போடு வந்தால் எமரி. அடியில் இருப்பதும் சேர்ந்து வந்து இரும்பு தெரிந்தால் ரிமூவர்.