1939 வெள்ளி ரூபாய் வாங்கப் போகிறீர்களா? கடைசி 9-ஐப் பாருங்கள்

ஆறாம் ஜார்ஜ் ராஜா தலை போட்ட 1939-ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய் ஒன்று இப்போது இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. ராஜாவின் கழுத்தில், காதுக்கு நேர் கீழே, நெல் முனை அளவுக்குச் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். நான்கு மாதம் முன்பு நான் 38,000 ரூபாய் கொடுத்து வாங்கி, மல்லுக்கட்டித் திருப்பி அனுப்பிய காசு அது. வேறு விற்பனையாளர் பெயரில், வேறு படத்தோடு மறுபடி வந்துவிட்டது.

இந்த வருஷம் என்ன விசேஷம் என்று புதிதாகக் காசு சேர்ப்பவர்கள் கேட்கலாம். ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள் 1938-இல் தொடங்குகின்றன. 1938, 1939 இரண்டிலும் பன்னிரண்டுக்குப் பதினொரு பங்கு வெள்ளி. போர்க்காலத்தில் 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் வந்தது வெறும் நிக்கல். இந்த வரிசையில் 1938 காசு தேடினால் கிடைத்துவிடும். 1939 லேசில் கிடைக்காது. அதனால்தான் பக்கத்து வருஷத்துக் காசைவிடப் பல மடங்கு விலை, அதனால்தான் இவ்வளவு போலி.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ராஜா தலைக் காசுகளைச் சேர்த்தார். அவருடைய ஆல்பத்தில் 1938-க்கும் 1940-க்கும் நடுவில் ஒரு பை காலியாகவே இருந்தது. சின்ன வயதில் அதில் நான் ஐந்து பைசாவைப் போட்டு வைத்து அடி வாங்கியிருக்கிறேன். அவருக்கு எண்பது வயது நிறைவதற்குள் அந்தப் பையை நிரப்பிவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தேடினேன்.

கிடைத்தது. "1939 பம்பாய் மிண்ட், நூறு சதவீதம் ஒரிஜினல், வாழ்நாள் உத்தரவாதம்" என்று போட்டிருந்தார்கள். நான்கு படங்கள். வருஷம் இருக்கும் பக்கத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு, கடைசி எண்ணின் மேல் ஒரு பளபளப்பு. அதை அப்போதே கவனித்தேன். வேறு படம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசிய விற்பனையாளர் மரியாதையாகத்தான் பேசினார். "இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க மேடம். 5,000 அட்வான்ஸ் யுபிஐல போடுங்க, மீதி 33,000-க்கு உங்களுக்காகவே சைட்ல போட்டுவிடுறேன்" என்றார். போட்டேன்.

பார்சல் வந்த அன்று பிரிப்பதை முழுதாக வீடியோ எடுத்தேன். காசைச் சின்னத் தராசில் வைத்தேன். வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். தராசு 11.61 காட்டியது, தேய்மானத்துக்கு அது சரி. காந்தம் ஒட்டவில்லை. விளிம்பையும் பார்த்தேன். 1940 முதல் வந்த காசுகளுக்கு விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும், பாதுகாப்பு விளிம்பு என்பார்கள். இதில் அது இல்லை, நேர் வரிகள் மட்டும். 1939-க்கு அதுதான் சரி. தெரிந்த ஆசாரியிடம் கொண்டு போனேன். நல்ல வெள்ளி என்றார்.

எல்லாம் சரியாக இருந்தது. சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது அசல் 1938 காசு.

பிறந்த நாளன்று அப்பா கையில் கொடுத்தேன். கண் கலங்கினார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்து மடங்கு லென்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இங்க வாம்மா, இந்த ரெண்டு ஒன்பதையும் பாரு" என்றார்.

1939-இல் ஒன்பது இரண்டு முறை வருகிறது. முதல் ஒன்பதுக்குத் தலை பெரிது, அதற்குக் கீழே வால் வளைந்து இறங்குகிறது. கடைசி ஒன்பதுக்குத் தலை சின்னது, உடம்பு நீளம். 1938-இன் கடைசி எட்டுக்கு மேல் வட்டம் சின்னது, கீழ் வட்டம் பெரிது. அதன் இடது கீழ்ப்பக்கத்தை மட்டும் சுரண்டி எடுத்தால் மிஞ்சுவது இப்படித்தான் இருக்கும். சுரண்டிய இடத்தில் காசின் தரை கொஞ்சம் குழிந்திருந்தது. முடி இழை போல நாலைந்து கோடுகள் ஒரே திசையில் ஓடின. சுற்றிலும் எண்பது வருஷத்துச் சாம்பல் நிறம் ஒரே சீராகப் படிந்திருக்க, அங்கே மட்டும் திட்டாக ஒரு கருப்பு. புது வெள்ளித் தழும்பை மறைக்க ஏதோ ரசாயனம் தடவியிருக்கிறார்கள்.

"அரம் வெச்சிருக்கான்மா" என்றார் அப்பா. முப்பத்தாறு வருஷம் அரம் பிடித்த கை. அவரிடம் அதை மறைக்க முடியாது.

எடை, காந்தம், விளிம்பு, ஓசை என்று நாம் கற்று வைத்திருக்கும் சோதனை எல்லாம் உலோகத்தைத்தான் சோதிக்கின்றன. எண்ணைத் திருத்திய காசை அவை பிடிக்காது. விற்பவரிடம் வருஷத்தை மட்டும் மிக நெருக்கத்தில், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

விற்பனையாளரின் பேச்சு மூன்று நாளில் மூன்று விதமாக மாறியது. முதலில், "நானும் ஒருத்தர்கிட்ட வாங்கினதுதான், எனக்குத் தெரியாது." அடுத்து, "பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." மூன்றாம் நாள், "நீங்க காசை மாத்திட்டீங்க." என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தக் கடைசிப் பேச்சுதான். ஆனால் கழுத்து வெட்டு காப்பாற்றியது. அவர் போட்ட படத்தில் அது இருந்தது, என் வீடியோவில் முத்திரை பிரிக்காத பார்சலிலிருந்து வெளியே வந்த காசிலும் அது இருந்தது. அதற்குள் விற்பனைப் பக்கத்தை நீக்கிவிட்டார். வாங்கிய அன்றே விவரம், படம், விலை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். இதை மட்டும் மறக்காதீர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

"ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2020-ஆம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விதியைக் குறிப்பிட்டு அவருக்கு எழுதினேன். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதாமல், "விவரத்தில் 1939, வந்தது திருத்தப்பட்ட 1938" என்று ஒரே வரி, கீழே இரண்டு ஒன்பதுகளின் படம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்து, அந்தப் பதிவு எண்ணையும் சேர்த்து அனுப்பினேன். பத்தொன்பதாம் நாள் 33,000 திரும்பி வந்தது. வராமல் போயிருந்தால் திருச்சி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வாங்கிய விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

காசைத் திருப்பி அனுப்பும்போது எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகுதான் அனுப்பினேன். கட்டுவதையும் வீடியோ எடுத்தேன். நடுவில் காசைத் துடைக்கவோ கழுவவோ இல்லை. செய்திருந்தால் அந்தக் கருப்புத் திட்டு போயிருக்கும், சாட்சியும் போயிருக்கும்.

யுபிஐயில் போன 5,000 வரவில்லை. நீங்களே அனுப்பியது என்று வங்கி கையை விரித்துவிட்டது. இணையக் குற்றப் புகார் எண் 1930-லும் பதிந்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

போன வாரம் அப்பாதான் கைப்பேசியை நீட்டினார். "நம்ம காசு மாதிரி இருக்கே." அதே வெட்டு. இந்த முறை படத்தைத் திருப்பி வைத்து, வெட்டின் மேல் நிழல் விழும்படி எடுத்திருக்கிறார்கள். விலை 36,500. பழைய புகாரின் எண்ணோடு தளத்துக்கு எழுதிவிட்டேன். இன்று காலை வரை அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது, பதினொரு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது. அதில் ஒருவர் நீங்களாக இருந்தால், வருஷத்தின் நெருக்கமான படத்தைக் கேளுங்கள்.