நுவரெலியாவா, பண்டாரவளையா? பெரிய குடும்பத்துக்கு மலைநாட்டு வீடு

கொழும்பு வெக்கை தாங்கேலாம மலைநாட்டில பெரிய வீடு பாக்கிற ஆக்கள் முதல்ல ஓடுறது நுவரெலியாவுக்குத்தான். 1868 மீட்டர் உயரம், ஏப்ரல் சீசன், ஏரி, எல்லாம் சரி, ஆனா ஜனவரி விடியக்காலையில புல்லில பனி உறையிற ஊரில அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் வச்சிருக்கப் போறீங்க எண்டதையும் யோசிக்கணும். பழைய பங்களா எண்டா அலுமாரியைத் தள்ளிட்டுப் பின்சுவரைத் தொட்டுப் பாருங்க, கை ஈரமாகி சுண்ணாம்பும் சேந்து உதிர்ந்தா விலையை எவ்வளவு குறைச்சாலும் வேணாம், அந்த ஈரம் பிறகு மெத்தை, போர்வை, பிள்ளைகளின்ட நெஞ்சு எண்டு எல்லாத்திலயும் ஏறும்.

பண்டாரவளை 1200 மீட்டர் சொச்சம்தான், குளிர் இதமா இருக்கும், உடுப்பும் காயும். ட்ரெயின் ஸ்டேஷன் டவுனுக்குள்ளயே இருக்கு, நுவரெலியா எண்டா நானுஓயாவில இறங்கி வேன் பிடிக்கணும். ஆனா கொழும்பில இருந்து தூரம் கூட, அதால சனி ஞாயிறு மட்டும் போய்வர நினைக்கிறவைக்கு சரிவராது.

ரெண்டு பக்கமும் மண்சரிவுப் பயம் இருக்கு, அதால உறுதியை நொத்தாரிசிட்ட காட்டுறதோட நிக்காம, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலயும் அந்தக் காணியைப் பத்தி விசாரிச்சிட்டுத்தான் அட்வான்ஸ் குடுங்க. வயசான ஆக்கள் மாசக்கணக்கா தங்குற வீடு எண்டா நான் பண்டாரவளையைத்தான் சொல்லுவன்.