பம்பைக் கழற்றும் முன்: ஓவர்ஹாலா, யார்டு பம்பா, புதுசா?

சிங்கப்பூரில் துவாஸ், சுங்கை காடுட் பக்கம் பழைய 20 டன் எக்ஸ்கவேட்டர் வாங்கி ஓட்டும் நம் ஆட்களிடம் "அண்ணே, மிஷின் இழுக்கவே மாட்டேங்குது" என்ற பேச்சு வந்தாலே, அடுத்து ஹைட்ராலிக் பம்ப் (ஆயிலை அழுத்தி மிஷினை இயக்கும் பம்ப்) விலைதான் பேசப்படுகிறது. இருக்கும் பம்பையே ஓவர்ஹால் செய்யலாம், யார்டில் பிரித்துப் போட்ட மிஷினிலிருந்து ஒன்று வாங்கலாம், இல்லையென்றால் புதுசு போடலாம். மூன்றையும் அலசுவோம். ஆனால் கெட்டது பம்ப்தானா என்பது முதலில் உறுதியாக வேண்டும். தெரியாமல் கழற்றினால் எந்த வழியில் போனாலும் காசு வீண்.

மெதுவாக ஓடுவது வேறு, வலு இல்லாமல் ஓடுவது வேறு. வேகம், பம்ப் தரும் ஆயிலின் அளவைப் பொறுத்தது, வலு அழுத்தத்தைப் பொறுத்தது. பூமும் ஆர்மும் (பக்கெட்டைத் தாங்கும் இரண்டு கைகள்) காற்றில் சுறுசுறுப்பாக ஆடுகின்றன, காலாங் பக்கத்துக் கடல் களிமண்ணில் பக்கெட்டைக் குத்தியதும் திணறி நிற்கின்றன என்றால், முதல் சந்தேகம் மெயின் ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வு) மேல். காற்றிலேயே ஆமை வேகம் என்றால் பம்ப், அது தரும் ஆயிலின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், லீவர்கள் வால்வை நகர்த்தப் பயன்படும் சிறிய பைலட் அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். பூம் மட்டும் மெதுவாகி மற்றதெல்லாம் சரியாக ஓடினால் பம்பைத் தொடவே வேண்டாம். அந்த சிலிண்டரின் சீல், அதற்கு ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்பூல், அந்த வழிக்கு மட்டுமான ரிலீஃப் வால்வு (போர்ட் ரிலீஃப்) பக்கம் போங்கள். லோடு ஏறியதும் கரும்புகை விட்டு இன்ஜின் படுத்துவிடுகிறதா? அப்படியானால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஆயில் 50 டிகிரி அளவுக்குச் சூடான பிறகே கேஜைப் பார்க்கவும். காலையில் நன்றாக ஓடி, மதியம் ஆயில் சூடாகி இளகியதும் சோர்ந்துபோகும் மிஷினில் பெரும்பாலும் உள்கசிவு இருக்கும். சூடேறாத ஆயிலில் சோதித்தால் அது கண்ணில் படாது. இந்த அளவு மிஷின்களில் மெயின் அழுத்தம் பொதுவாக 340 முதல் 350 பார், பைலட் 35 முதல் 40 பார். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் மேனுவல் சொல்வதே முடிவு. கேஜே இல்லாமல் ரிலீஃப் ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றும் வேலை மட்டும் தயவுசெய்து வேண்டாம். பம்ப் தேய்ந்திருந்தால் அப்படியும் அழுத்தம் ஏறாது. தேயாமல் இருந்தால் ஹோஸ் வெடிக்கலாம். கசிவைக் கையால் தடவித் தேடவும் கூடாது. ஊசித்துளையிலிருந்து பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாகத் தெரிந்தாலும் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம்.

இரட்டைப் பம்பில் ஒரு பக்கம் மட்டும் மெதுவென்றால், அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு இரண்டு டெலிவரி ஹோஸ்களையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு மறுபக்கம் தாவினால் பம்ப் அல்லது ரெகுலேட்டர். அங்கேயே நின்றால் வால்வு, மோட்டார், சென்டர் ஜாயின்ட் (சுழலும் மேல்பாகத்திலிருந்து கீழே ஆயிலைக் கொண்டுபோகும் இணைப்பு). அப்புறம் பம்பின் உள்கசிவு ஆயில் திரும்பும் வழியில் உள்ள பழைய டிரெயின் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை வெள்ளைத் துணியில் விரித்து வெளிச்சத்தில் திருப்புங்கள். பித்தளை நிறத்தில் மினுங்கும் பொடி தெரிந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ஷூ (பிஸ்டனின் அடியில் உரசி ஓடும் பகுதி) தேய்கிறது.

பம்ப்தான் என்று முடிவாகிவிட்டதா? என் வோட்டு ஓவர்ஹாலுக்கு. கோபெல்கோ, ஹூண்டாய், வால்வோ என்று பல 20 டன் மிஷின்களில் வந்த கவாசாகி கே3வி112 பம்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஒரு சுற்றுக்கு 112 சிசி. 2000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 224 லிட்டர். பத்து சதவீதம் உள்ளேயே கசிந்தால் 22 லிட்டர் வேலைக்கு வராமல் சூடாக மாறுகிறது. நம் ஊர் வெயிலில் அந்தச் சூடு ஆயிலை இன்னும் இளக்கி, கசிவை இன்னும் கூட்டுகிறது. ஓவர்ஹாலில் பேரல் (பிஸ்டன்கள் உட்காரும் உருளை), ஒரு பக்கத்துக்கு ஒன்பது பிஸ்டன், வால்வு பிளேட் (பேரலுக்கு ஆயிலை உள்ளே, வெளியே திருப்பும் தட்டு), பேரிங், சீல் எல்லாம் கண்ணெதிரே மாறும். நகத்தை வால்வு பிளேட் மேல் இழுத்துப் பார்த்தால் கீறலில் மாட்டுகிறதா என்பது தெரியும். மாட்டினால் அதைத் துடைத்துத் திரும்பப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். சீல் மட்டும் மாற்றித் தருவது ஓவர்ஹால் ஆகாது. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

யார்டு பம்பின் பலம் வேகம். கிடைத்தால் அன்றே மாட்டலாம், மிஷின் நிற்பதால் போகும் நாள் வாடகையும் தப்பும். ஆனால் அது எத்தனை மணி நேரம் ஓடியது, எப்படிப்பட்ட ஆயிலில் ஓடியது என்று யாரும் உறுதி தர முடியாது. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் ரெகுலேட்டர் வேறாக இருக்கலாம். அப்படி மாட்டினால் இன்ஜின் படுக்கும், அல்லது பம்ப் முழு அளவு தராது. பம்பின் பெயர்த் தகட்டில் உள்ள மாடல் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்தி, உங்கள் கண்முன் டெஸ்ட் பெஞ்சில் அழுத்தமும் அளவும் காட்டினால் மட்டும் வாங்கலாம். மேலே புதுசாகப் பெயின்ட் அடித்திருப்பதற்குக் காசு தராதீர்கள்.

புதுசு போடுவது ஹவுசிங் விரிசல் விட்டாலோ, பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோனாலோதான். மிஷினை இன்னும் பல வருடம் ஓட்டும் எண்ணமும் இருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் விற்கப்போகும் மிஷினுக்கு இந்தச் செலவு திரும்பி வராது.

எந்தப் பம்ப் போட்டாலும் டாங்க், கூலர், ஹோஸ்களை முழுக்கக் கழுவாமல் விட்டால், பழைய பித்தளைப் பொடி புதிய பம்பையும் அரைத்துவிடும். பம்பின் உடலுக்குள் (கேஸ்) ஆயில் நிரப்பிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். காய்ந்த பம்ப் சில நிமிடங்களிலேயே கெட்டுப்போகும். லோடு இல்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, லீவர்களை மெதுவாக ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். முதல் 50 மணி நேரத்தில் ஃபில்டரை மாற்றி, அதையும் வெட்டிப் பாருங்கள்.