புராஸ்டேட் புற்றுநோய் மரபணு டெஸ்ட்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எடுப்பவர்கள் கவனிக்க

பரம்பரைப் புற்றுநோய்க்கான மரபணு டெஸ்ட்டுக்கு இப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி கலெக்ஷன் சென்டர்களிலேயே ரத்தமோ எச்சிலோ கொடுத்துவிடலாம். சாம்பிள் வெளியூர் லேபுக்குப் போய், ரிப்போர்ட் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் வரும். டெஸ்ட் தரமானதுதான். யாருக்கு முதலில் எடுப்பது என்பதில்தான் காசு வீணாகிறது.

அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய் என்றால், நோயில்லாத மகனைக் கூட்டிவந்து ரத்தம் கொடுக்க வைக்கிறார்கள். முதலில் கொடுக்க வேண்டியவர் அப்பாதான். அவரிடம் கோளாறு எந்த மரபணுவில், எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும்; செலவும் குறையும். அப்பாவைப் பார்க்காமல் மகனுக்கு நெகட்டிவ் வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால், மரபணுவில் எதுவும் பிடிபடாவிட்டாலும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சென்டரில் தரும் படிவத்தில் குடும்ப விவரத்துக்கு ஒரு வரிதான் இடம் விடுகிறார்கள். இது பெரிய குறை. தனித் தாளில் எழுதி இணையுங்கள். அம்மா வழியில் மார்பகம், சினைப்பை, கணையப் புற்றுநோய் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்பதும் வேண்டும். பிஆர்சிஏ-2 என்ற மரபணுவின் கோளாறு அம்மாவிடமிருந்தும் மகனுக்கு வரும். அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் அதையும் கட்டாயம் எழுதுங்கள். கணவன், மனைவி இருவரிடமும் ஒரே கோளாறு இருக்க வாய்ப்புண்டு. இரண்டும் ஒரு குழந்தைக்குச் சேர்ந்து போனால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரலாம்.

பேனலில், அதாவது ஒரே டெஸ்ட்டில் சேர்த்துப் பார்க்கும் மரபணுப் பட்டியலில், பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2, ஏடிஎம், செக்-2, பால்பி-2, ஹாக்ஸ்-பி13, லிஞ்ச் மரபணுக்கள் (பரம்பரைக் குடல் புற்றுநோயோடு தொடர்புள்ளவை) எல்லாம் இருக்க வேண்டும். முக்கியமானது பிஆர்சிஏ-2: நோய் இளவயதிலும் வரும், வேகமாகவும் பரவும். சில இடங்களை மட்டும் பார்க்கும் மலிவு கிட் வேண்டாம். 2012-ல் கண்டறியப்பட்ட ஹாக்ஸ்-பி13 மாற்றம் பெரும்பாலும் வட ஐரோப்பியர்களிடம் காணப்படுவது. அது இல்லை என்பதால் நமக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல சிறு மரபணு மாற்றங்களைக் கூட்டி ஆபத்தை மதிப்பெண்ணாகச் சொல்லும் 'ரிஸ்க் ஸ்கோர்' கூடுதல் காசுக்கு விற்கிறார்கள்; அது பெரும்பாலும் ஐரோப்பியர் தரவில் கட்டியது, தவிர்க்கலாம். மரபணுவில் பெரிய துண்டு விடுபட்டிருந்தாலும் பிடிப்பார்களா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.

ரத்தத்துக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடி டியூபில் எடுத்ததும் எட்டு, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். விட்டால் உறைந்து சாம்பிள் திரும்பிவிடும். எச்சில் என்றால் அரைமணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, டீ, வெற்றிலை, புகையிலை கூடாது. டியூபில் கோடு வரை நிரம்ப வேண்டியது எச்சில்தான், நுரை கணக்கில் வராது. வாய் உலர்ந்த பெரியவர்களுக்கு ரத்தமே மேல். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ரத்தத்தில் இருப்பது தானம் கொடுத்தவரின் மரபணு.

ரிப்போர்ட்டில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வந்தால் பாசிட்டிவ் என்று பயப்படாதீர்கள். உலகத் தரவுகளில் இந்தியர்கள் குறைவு என்பதால் நமக்கு இது அதிகம் வரும்; பின்னாளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே மாறுகின்றன. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். பிஆர்சிஏ-2 நிஜமாகவே பாசிட்டிவ் என்றால் 40 வயதிலிருந்தே பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கோ முடி உதிர்வுக்கோ ஃபினாஸ்டெரைட் மாத்திரை சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் சொல்லணும், அது பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் காட்டும். நோய் பரவிவிட்ட அப்பாவுக்கும் பலன் உண்டு: ஓலாபாரிப் என்ற புற்றுநோய் மாத்திரை அவருக்குப் பொருந்துமா என்று முடிவு செய்ய இந்த ரிப்போர்ட் உதவும்.

இந்தச் சேவையின் பலவீனம், ரிப்போர்ட்டை விளக்க ஆள் இல்லாதது. தமிழில் பேசும் மரபணு ஆலோசகர் போனில் கிடைப்பாரா என்று உறுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் முதல் பக்கத்தோடு விட்டுவிடாமல், மாற்றத்தின் முழுப் பெயர் உள்ள பக்கம் வரை வாங்கி வையுங்கள். தங்கைக்கும் மகளுக்கும் அந்த ஓரிட டெஸ்ட் எடுக்க லேப் அதைத்தான் கேட்கும்.